அடிக்கும் அடிக்கும் இடையே

சண்டை வீடியோ கேம்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே வழக்கு திரும்பத் திரும்ப வருகிறது: கடினமான கேமில் எளிய நிலை ஒன்று இருக்க வேண்டுமா, கூடாதா? 2019-இல் ‘செகிரோ’ வந்தபோது இந்த வழக்கு பெரிதாக நடந்தது. 2022-இல் ‘எல்டன் ரிங்’, 2024-இல் அதன் தொடர்ச்சிப் பகுதி, 2025-இல் ‘சில்க்சாங்’ என ஒவ்வொரு முறையும் அதே இரு அணிகள், அதே வாதங்கள். இதற்கு முந்தைய கேள்வியை இரு தரப்பும் கேட்பதில்லை. ஒரு சண்டையில் கடினம் எங்கே இருக்கிறது? எதிரியின் ஒரு வெட்டுக்கு நம் ஹெல்த் எவ்வளவு இறங்குகிறது என்பதிலா? அவன் சாக எத்தனை அடி வேண்டும் என்பதிலா? கடந்த நாற்பத்தைந்து ஆண்டுக் கேம்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிகிற விடை வேறு. கடினம் முதன்மையாக நேரத்தில் இருக்கிறது. எதிரி ஓங்குவதற்கும் வெட்டுவதற்கும் நடுவே, ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே, ஒரு தோல்விக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடப்படுகிறது என்பதுதான் ஆட்டத்தைக் கடினமாகவோ நியாயமாகவோ ஆக்குகிறது.

1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இதற்கு முதல் சாட்சி. தொடக்கத்தில் எதிரிகள் நிதானமாக நகர்வார்கள். அவர்கள் குறையக் குறைய மிஞ்சியவர்கள் வேகமெடுப்பார்கள். அன்றைய சிப்பால் அத்தனை உருவங்களையும் விரைவாக வரைய முடியவில்லை. உருவங்கள் குறைந்ததும் வேலை குறைந்து ஆட்டம் தானாகவே விரைந்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். எதிரியின் பலம் துளியும் கூடவில்லை. நமக்கு யோசிக்கக் கிடைத்த நேரம் மட்டும் சுருங்கியது.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை சண்டையின் வேகத்தைக் கற்றது காசு போட்டு ஆடும் பெட்டிகளில். 1993-இல் கேப்காம் வெளியிட்ட ‘கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்ற பெயரைச் சொன்னால் இங்கே பலருக்குப் புரியாது. ‘முஸ்தபா’ என்றால் போதும். நான்கு நாயகர்களில் ஒருவன் பெயர் அது. ஓடிவந்து எட்டி உதைக்கும் வேகத்துக்காகவே பையன்கள் அவனை எடுப்பார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு கணக்கு உண்டு. போட்ட காசு சில நிமிடங்களில் தீர்ந்துவிட வேண்டும். ஆனால் ஏமாந்துவிட்டோம் என்று பையனுக்குத் தோன்றிவிடக் கூடாது. ஆகவே ஒரு கூட்டம் வரும், அடங்கும். முன்னே போகச் சொல்லி அம்புக்குறி மின்னும். நாலு அடி நடந்தால் தின்ன ஏதாவது கிடைக்கும், ஹெல்த் ஏறும். பிறகு அடுத்த கூட்டம். நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டால் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தலாம். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் தெறித்து விழுவார்கள், அதற்கு விலையாக நம் ஹெல்த்தில் கொஞ்சம் போகும். மூச்சுவிட ஒரு நொடி வேண்டுமானால் உயிரில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கிக்கொள் என்ற பேரம் அது. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளேயே அமைப்பு இருந்தது. அது கடைக்காரர் கையில் இருந்தது, ஆடுகிறவன் கையில் இல்லை. இன்றைய வழக்கின் வேர் அங்கேயே இருக்கிறது.

கம்ப்யூட்டர் சென்டர்களில் 1990-களில் ஆடிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ இதற்கு நேர் எதிர். 1989-இல் ஜோர்டன் மெக்னர் அதை உருவாக்கினார். தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டுப் படம்பிடித்து, அந்த அசைவுகளிலிருந்து இளவரசனை வரைந்தார். வாள்சண்டைக்கு 1938-ஆம் ஆண்டு ‘ராபின் ஹூட்’ படத்தின் காட்சியைப் பயன்படுத்தினார். மொத்த ஆட்டத்துக்கும் 60 நிமிடக் கெடு. ஆனால் சண்டை என்று வந்தால் ஒருவனுக்கு ஒருவன்தான்: முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, தடுத்தவுடன் குத்து. கண்ணாடியிலிருந்து வெளிவந்த தன் நிழலோடு இளவரசன் மோதும் இடம் இன்றும் வியக்க வைக்கிறது. நிழல்மேல் படும் ஒவ்வொரு குத்தும் அவனுக்கே விழுகிறது. வழி ஒன்றுதான், வாளை உறையில் போடுவது. சண்டையை நிறுத்துவதையே சண்டைக்கு விடையாக வைத்த இடம் அது.

இனி ஓர் அடியைப் பிரித்துப் பார்க்கலாம். எந்த அடிக்கும் மூன்று கட்டங்கள்: ஓங்குதல், படுதல், மீளுதல். நொடிக்கு 60 படம் ஓடும் திரையில் ஒரு படத்தின் ஆயுள் சுமார் 16.7 மில்லிநொடி. கண்ணால் கண்டு விரல் அசைய மனிதனுக்குச் சராசரியாக 200 முதல் 250 மில்லிநொடி ஆகும், அதாவது 12 முதல் 15 படங்கள். ஓங்கும் கட்டம் அதைவிட நீளமாக இருந்தால் பார்த்துத் தடுக்கலாம். அதைவிடக் குறுகினால் எந்தக் கொம்பனாலும் பார்த்துத் தடுக்க முடியாது. முன்கூட்டியே ஊகிக்கத்தான் வேண்டும். ஆகவே வடிவமைப்பாளர் எதிரியின் ஓங்கலைச் சில படங்கள் வெட்டினால், ஆட்டம் ‘கொஞ்சம் கடினம்’ ஆவதில்லை. அதன் இனமே மாறுகிறது. கண்ணின் ஆட்டம் மனப்பாடத்தின் ஆட்டமாகிவிடுகிறது. மீளும் கட்டமும் அதே அளவு முக்கியம். அதுதான் நமக்குத் திறக்கும் வாசல். எதிரி மீளும் நேரத்தில்தான் நாம் அடிக்கவோ, மருந்து குடிக்கவோ, விலகி நின்று பார்க்கவோ முடியும்.

ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஹிடெடாகா மியாசாகி 2009-இல் ‘டீமன்ஸ் சோல்ஸ்’, 2011-இல் ‘டார்க் சோல்ஸ்’ கேம்களை இயக்கியபோது இந்த மூன்று கட்டங்களையும் வேண்டுமென்றே இழுத்து நீட்டினார். பட்டனை அழுத்திவிட்டால் வாள் முழு வட்டம் போய் வந்தே தீரும். நடுவில் திரும்பப் பெற முடியாது. ஓட, உருள, வெட்ட, தடுக்க எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கோட்டிலிருந்து தெம்பு செலவாகும். மருந்து குடிக்கவும் நின்றாக வேண்டும். உலகம் இவற்றைக் கொடூரமான கேம்கள் என்று பேசியது. ஆனால் ஆடிப் பார்த்தால் அவை மெதுவான கேம்கள். அவசரப்படுகிறவனை அவை மன்னிப்பதில்லை என்பதால்தான் கொடுமை தெரிகிறது; பொறுத்துப் பார்க்கிறவனுக்குத் தாராளமாக நேரம் தருகின்றன. கடினமான கேம் ஒன்று பெருவாரியானவர்களுக்குப் பிடித்துப்போனதன் ரகசியம் இந்த நியாயத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அந்த நியாயம் பிறகு மெல்லத் தேய்ந்தது. 2015-இல் ‘பிளட்போர்ன்’ கேடயத்தை ஏறக்குறையக் கைவிட்டது. அடி வாங்கியவுடன் திருப்பி அடித்தால் இழந்த ஹெல்த்தில் கொஞ்சம் மீட்கலாம் என்று சொல்லி ஆடுகிறவனை முன்னே தள்ளியது. 2022 பிப்ரவரியில் வந்த ‘எல்டன் ரிங்’கில் மார்கிட் என்ற முதல் பெரிய பாஸ், அதாவது தலைமை எதிரி, தடியை ஓங்கி, அப்படியே நிறுத்துகிறான். பழைய பழக்கத்தில் உருண்டவன் எழும்போது தடி இறங்குகிறது. பொறுமையைக் கற்றவனையே சோதிக்கும் இந்தத் தந்திரம் எனக்குப் பிடிக்கும். பார்த்துக் கற்க வழி இருக்கிறது. ஆனால் பிந்தைய பாஸ்கள் சிலரிடம் வெட்டுகள் வரிசையாக நீண்டு, மீளும் கட்டம் கண் சிமிட்டலாகச் சுருங்கியது. மலேனியா என்ற பாஸின் சுழல் வெட்டு ஒன்றுக்காக எத்தனையோ பேர் மணிக்கணக்கில் செத்தார்கள். அவளுடைய ஒவ்வொரு வெட்டும் அவளுக்கே ஹெல்த்தை ஏற்றித் தருகிறது. 2024 ஜூன் 21-இல் தொடர்ச்சிப் பகுதி வந்தவுடன் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் சில நாட்களிலேயே நாயகனின் வலிமையைக் கூட்டும் வரங்களின் தொடக்கப் படிகளை உயர்த்தியது. செப்டம்பரில் இறுதி பாஸின் சில தாக்குதல்களையும் தளர்த்தியது. இந்த இரண்டில் இரண்டாவதுதான் சரியான மருந்து. முதலாவது எண்ணைத் திருத்தியது. நோய் நேரத்தில் இருந்தது.

வேகமாக இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ‘செகிரோ’ மிக வேகமான கேம். ஆனால் அங்கே ஓய்வு சண்டைக்கு வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறது. எதிரியின் வாள் படும் கணத்தில் சரியாகத் தட்டினால் அவன் நிலை குலைகிறது. பயந்து விலகி நின்றால் அவன் நிலை மீள்கிறது. ஆகவே மோதலே மூச்சாகிறது. ஆசினா கோட்டையின் உச்சியில் நிற்கும் கெனிச்சிரோ என்ற பாஸிடம் இதைக் கற்றவனுக்கு மிச்ச ஆட்டம் திறந்துவிடும். 2020-இல் வந்த ‘டூம் எடர்னல்’ இன்னொரு பக்கம். நிற்காமல் ஓடிக்கொண்டே சுடுவதுதான் அதன் உயிர். அதற்குள் மாரோடர் என்ற எதிரியை வைத்தார்கள்: அவன் கண் பச்சையாக மின்னும் கணத்தில் மட்டுமே அடிக்க முடியும், அதுவரை காத்திருக்க வேண்டும். ஓட்டத்தைக் கெடுத்துவிட்டான் என்று ஆடியவர்களில் ஒரு பகுதியினர் கோபப்பட்டார்கள். மாரோடரின் அடி பலமானது என்பதல்ல அவர்கள் புகார். கேம் இவ்வளவு நேரம் பழக்கிவிட்ட நடையை அவன் மாற்றினான் என்பதே.

சண்டைக்கு நடை அமைப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம், வாலாஜாபாத் சுற்றுவட்டக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் துரியோதனன் படுகளம். தரையில் மண்ணால் செய்து கிடத்திய பெரிய உருவத்தைச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் துரத்திக்கொண்டே இருப்பார்கள். ஓட்டம், நிற்றல், ஏச்சு, சபதம், மறுபடி ஓட்டம். தொடையில் விழும் அடி ஒன்றே ஒன்று. அதற்கு முந்தைய நேரம் முழுவதும் அந்த அடிக்காகவே செலவாகிறது. கூட்டம் கலையாமல் நிற்பது அந்த இடைவெளிகளால்தான். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு இந்தக் கலையை முறையாகக் கற்றுக்கொடுத்தது. சண்டை கேம் செய்ய ஆசைப்படும் நம் பிள்ளைகள் ஒரு படுகளத்தையாவது கையில் கடிகாரத்துடன் பார்க்க வேண்டும். அடியை எங்கே வைப்பது என்பதைவிட அடிக்காமல் எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பது அங்கே துலக்கமாகத் தெரியும்.

எளிய நிலை வேண்டுமா என்ற வழக்குக்கு வருகிறேன். வேண்டும் என்பது என் தீர்ப்பு. ஆனால் இப்போது பெரும்பாலும் தரப்படும் விதத்தில் அல்ல. வழக்கமான எளிய நிலை எதிரியின் ஹெல்த்தைக் குறைக்கிறது, கடின நிலை கூட்டுகிறது. பத்து அடியில் சாக வேண்டியவன் முப்பது அடிக்குச் சாகிறான். ஆட்டம் கடினமாவதில்லை, நீளமாகிறது. இது வெறும் எண் என்பதற்கு ‘டெவில் மே க்ரை 3’ சாட்சி. 2005-இல் அமெரிக்கப் பதிப்பில் ஜப்பானின் கடின நிலையையே சாதாரண நிலை என்று பெயர் மாற்றி விற்றார்கள். புகார்கள் வந்து, அடுத்த ஆண்டின் சிறப்புப் பதிப்பில் சரிசெய்தார்கள்.

நல்ல எடுத்துக்காட்டுகள் நேரத்தைத் தொட்டவை. 2018-இன் ‘செலெஸ்ட்’ ஆட்டத்தின் வேகத்தையே பத்துப் பத்து சதவீதமாகப் பாதிவரை குறைக்க விடுகிறது. அது சண்டை கேம் அல்ல, மலையேறும் கேம். ஆனாலும் பாடம் பொதுவானது. 2019-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர்’ இன்னும் தெளிவு. நிலையைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே மூன்று கோடுகளைக் காட்டுகிறது: தட்டித் தடுக்கக் கிடைக்கும் நேரம், வாங்கும் அடியின் அளவு, எதிரியின் ஆவேசம். எது மாறுகிறது என்று ஆடுகிறவனிடம் நேர்மையாகச் சொன்ன திரை அது. 2020-இன் ‘ஹேடிஸ்’ தன் தெய்வ நிலையில் 20 சதவீதம் காப்புத் தந்து, ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு சதவீதம் கூட்டுகிறது. தோற்றவன் தலை குனியாமல் தொடரலாம். அதே ஆண்டின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகளோடு வந்தது. கண் மங்கியவர், விரல் நடுங்குகிறவர், ஒரு கை மட்டும் உள்ளவர் ஆகியோருக்கு நேரம் என்பது சலுகை அல்ல, நுழைவாயில். ‘கடினம்தான் இந்தக் கலையின் சாரம்’ என்பவர்களுக்கு என் பதில்: கற்கும் இன்பம்தான் சாரம். கற்க எடுக்கும் நேரம் ஆளுக்கு ஆள் வேறு.

தோல்விக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையிலான நேரத்தைப் பற்றி விவாதங்களில் குறைவாகவே பேசப்படுகிறது; எனக்கு அதுவே மிக முக்கியம். பழைய சோல்ஸ் கேம்களில் பாஸிடம் செத்தால் நெடுந்தூரம் மறுபடி ஓடி வர வேண்டும். அந்த ஓட்டத்தில் கற்க ஒன்றுமில்லை. ‘எல்டன் ரிங்’ பல பாஸ்களின் வாசலிலேயே செத்தவனை அங்கேயே எழுப்பும் மரிக்கா சிலைகளை நட்டு இதைக் குறைத்தது. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி குழு 2025 செப்டம்பர் 4-இல் வெளியிட்ட ‘சில்க்சாங்’கில் இந்த ஓட்டம் சில இடங்களில் திரும்ப வந்தது. பட்டு இழையை ஆயுதமாகவும் மருந்தாகவும் கொண்ட நாயகி அதில். தொடக்கத்தில் அவளுக்கு ஐந்து உயிர்முகமூடிகள். இரண்டைப் பறிக்கும் அடிகள் நிறைய. பட்டு நிறைந்தால் ஒரே மூச்சில் மூன்று முகமூடிகளை மீட்கலாம். இந்தச் சமன்பாடு அழகானது: ஆபத்தும் பெரிது, மீட்சியும் பெரிது. அதன் சண்டையை நான் முழுமனதோடு பாராட்டுகிறேன். நீண்ட மறு ஓட்டத்தைப் பாராட்ட முடியவில்லை. வெளியான சில வாரங்களிலேயே தொடக்கப் பகுதியின் இரண்டு பாஸ்களை அந்தக் குழு சற்றே தளர்த்தியது.

இது யாருடைய நேரம் என்று யோசித்துப் பாருங்கள். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் இளைஞர்கள் ஷிப்டில் வேலை செய்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, தூங்குவதற்கு முன் கிடைப்பது ஒரு மணி நேரம். பட்டுத் தறியில் உட்காருகிறவருக்கும் அதே ஒரு மணி நேரம்தான். அந்த மணி நேரத்தில் பாதியை வெறும் ஓட்டத்துக்குக் கொடுக்கச் சொல்லும் கேம், அவரைச் சோதிக்கவில்லை. அவரை வாசலில் நிறுத்தி வைக்கிறது.

செல்போன் கேம்கள் இந்த உண்மையைப் பெரிய ஸ்டூடியோக்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டன. 2020 செப்டம்பரில் தடை விழும்வரை தமிழ்நாட்டை ஆட்டிவைத்த ‘பப்ஜி மொபைல்’ 100 பேரைத் தீவில் இறக்கி, சுருங்கும் வட்டத்தால் நடையைக் கட்டுப்படுத்தியது. பத்து நிமிடம் பொறுக்கு, ஒளி, காத்திரு. பிறகு பத்து நொடிச் சண்டை. ‘ஃப்ரீ ஃபயர்’ அதையே 50 பேராகவும் சுமார் பத்து நிமிடமாகவும் சுருக்கி, விலை குறைந்த போன்களிலும் ஓட வைத்தது. பணம் கறக்கும் கடைகளும் பெட்டிகளும் அந்த கேம்களில் உண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரியது. நடையைப் பொறுத்தவரை அவை நம் இளைஞர்களுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தன.

கருவியும் நேரத்தைத் தின்கிறது. படத்தை மெருகேற்றும் அமைப்புகள் இயங்கும் டிவியில் பட்டனுக்கும் திரைக்கும் இடையே 100 மில்லிநொடி வரை தாமதம் ஏற்படலாம். மேலே சொன்ன 200 மில்லிநொடியோடு அதைக் கூட்டிப் பாருங்கள். ‘என்னால் முடியவில்லை’ என்று கேமை மூடி வைத்த பலர் தோற்றது பாஸிடம் அல்ல, தங்கள் டிவியிடம். டிவியில் கேம் மோடு இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஒருமுறை ஆடிப் பார்க்கச் சொல்வேன். தொடுதிரையில் கட்டைவிரல் எதிரியின் காலை மறைக்கிறது, பட்டனின் அழுத்தம் விரலுக்குத் தெரிவதில்லை. டோக்கியோவில் நல்ல திரையில் அளந்து வைத்த ஓங்கல் நேரம் இங்கே பலருக்கு எட்டுவதில்லை.

இந்தியாவில் செய்த சண்டை கேம்கள் குறைவு. ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டூடியோ 2017-இல் வெளியிட்ட ‘அசுரா’வில் செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புனேவின் நாடிங் ஹெட்ஸ் 2020-இல் தந்த ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ ராஜஸ்தானிக் கட்டடங்களும் நிழற்பாவைக் காட்சிகளுமாகக் கண்ணை நிறைத்தது. அந்த ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த அறிமுக கேம் பட்டியலிலும் இடம்பெற்றது. தம்பி கோலுவைத் தேடும் ராஜி தூணில் சுழன்று, சுவரில் ஓடி, திரிசூலத்தால் குத்துகிறாள். கலைக்கு நூறு மதிப்பெண் தருவேன். சண்டைக்குத் தர முடியவில்லை. அடி பட்டதா இல்லையா என்பது கைக்குத் தெரிவதில்லை, எதிரியின் ஓங்கல் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. 2024 ஆகஸ்டில் சீனாவின் ‘பிளாக் மித்: வூகாங்’ தன் நாட்டுக் குரங்கு வீரனின் கதையைச் சொல்லி மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதி விற்றபோது, நம் புராணங்களையும் இப்படிச் செய்யலாமே என்று இங்கே பலர் பேசினார்கள். கதை நம்மிடம் எப்போதும் இருக்கிறது. அந்த கேம் விற்றது கதையால் மட்டுமல்ல. ஒவ்வொரு பாஸின் அசைவையும் பொறுமையாகச் செதுக்கியதால். கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொன்ன ‘வெண்பா’ 2024-இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதை வாங்கியது. சின்னக் குழுவும் தன் மண்ணை வைத்து நல்ல கேம் செய்ய முடியும் என்பதற்கு அதுவே போதும்.

சென்னையிலும் கோவையிலும் கேம் வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளிடம் என் வேண்டுகோள் இதுதான். அசுரனை வரைவதற்கு முன் அவன் ஓங்குவதற்கும் அடிப்பதற்கும் இடையில் எத்தனை படங்கள் என்று எழுதுங்கள். அதை ஐயாயிரம் ரூபாய் போனிலும் பழைய டிவியிலும் ஆடிப் பாருங்கள். எளிய நிலை வைத்தால் அடியின் பலத்தை மட்டும் குறைக்காமல், தடுக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அதைத் திரையில் தமிழில் எழுதிக் காட்டுங்கள். செத்தவனைச் சண்டையின் வாசலிலேயே எழுப்புங்கள். ஷிப்ட் முடிந்து வந்து உட்காருகிறவரிடம் இருப்பது ஒரு மணி நேரம். அது முழுவதும் சண்டையில் போகட்டும்.